கரண்டி அடியில், நூடுல்ஸ் மேலே: ஹாங்காங் வன்தன் கடையில் சாப்பிடும் முறை

ஹாங்காங் வன்தன் நூடுல்ஸ் கடையில் கிண்ணம் மேசைக்கு வந்ததும், முதல் தடவை போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்வி கேட்பார்கள். "இவ்வளவுதானா?" என்பது ஒன்று. "வன்தன் எங்கே?" என்பது இன்னொன்று. கிண்ணம் நம் வீட்டு ரசக் கிண்ணத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. மேலே மெல்லிய மஞ்சள் நூடுல்ஸ் ஒரு குவியல், அதன்மேல் நறுக்கிய பூண்டுத்தாள் ஒரு சிட்டிகை, ஓரத்தில் வளையமாகச் சூப். வன்தன்கள், அதாவது மெல்லிய மாவுத்தோலில் இறால் பூரணம் வைத்த சிறு கொழுக்கட்டைகள், நூடுல்ஸுக்கு அடியில் இருக்கின்றன. அவற்றுக்கும் அடியில் ஒரு பீங்கான் கரண்டி.

இந்தச் சிறிய அளவுக்கும் இந்த அடுக்குக்கும் காரணம் ஒன்றுதான். இந்த நூடுல்ஸ் சூப்பில் ஊறினால் சில நிமிடங்களில் விறைப்பு போய்க் கொழகொழத்துவிடும். அதனால்தான் வன்தனையும் கரண்டியையும் கீழே முட்டுக் கொடுத்து, நூடுல்ஸைச் சூப்புக்கு மேலே தூக்கி வைக்கிறார்கள். ஊறுவதற்கு முன் சாப்பிட்டு முடிக்கிற அளவுக்கு மட்டுமே போடுகிறார்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் என்ன கேட்பது, எந்த வரிசையில் சாப்பிடுவது, வினிகரை எப்போது தொடுவது, எதைப் பார்சல் வாங்கக் கூடாது என்பதெல்லாம் தானே விளங்கும்.

உள்ளே போய் உட்கார

மதியம் 12.30 முதல் 2 மணி வரை அலுவலகக் கூட்டம். அந்த நேரத்தைத் தவிர்த்து 11.30க்கோ, 2.30க்கு மேலோ போங்கள். தனியாகவோ இரண்டு பேராகவோ போனால் இடம் சட்டென்று கிடைக்கும். ஐந்தாறு பேர் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்று நின்றால் நீண்ட நேரம் காத்திருக்க வேண்டியதுதான். பிரிந்து உட்காருங்கள்.

வாசலில் கடை ஆள் எத்தனை பேர் என்று பார்ப்பார். விரலைக் காட்டினால் போதும். முன்பின் தெரியாதவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மேசையிலேயே உங்களை உட்கார வைப்பார். இதற்கு 'டாப் தோய்' என்று பெயர், மேசையைப் பகிர்ந்துகொள்வது. ஏற்கெனவே இருப்பவரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை, பேச்சுக் கொடுக்கவும் வேண்டாம். லேசாகத் தலையசைத்துவிட்டு, பையை மடியிலோ ஸ்டூலுக்குக் கீழேயோ வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து நாற்காலியில் பை வைப்பது இங்கே ஒரு ஆளின் இடத்தைப் பிடிப்பது.

உட்கார்ந்ததும் ஒரு டம்ளர் வெளிர் நிறச் சூடான தேநீர் வரும். பெரும்பாலும் அதற்குக் காசு கிடையாது. சிலர் அதில் சாப்ஸ்டிக் நுனியையும் கரண்டியையும் அலசிக்கொள்வார்கள். அது பழக்கம், கட்டாயம் இல்லை. சாப்ஸ்டிக் மேசைமேல் டப்பாவில் இருக்கும். அங்கே காணோம் என்றால் மேசைக்குப் பக்கவாட்டில் சிறு இழுப்பறை இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். டிஷ்யூ பேப்பர் பழைய கடைகளில் தர மாட்டார்கள். ஒரு சிறு பாக்கெட் கையோடு கொண்டுபோவது நல்லது. சூப்பில் நனைந்த நூடுல்ஸ் எப்படி உறிஞ்சினாலும் முகவாயில் தெறிக்கும்.

என்ன கேட்பது

ஆங்கில மெனு பல கடைகளில் உண்டு, கேட்டால் எடுத்துத் தருவார்கள். இருந்தாலும் பத்துச் சொல்லாவது தெரிந்திருந்தால் வேலை பாதியாகிவிடும். தமிழ்க் காதுக்கு இதில் ஒரு தடுமாற்றம் இருக்கிறது, முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஹாங்காங்கில் பேசும் கண்டோனீஸ் மொழியில் 'மீன்' என்றால் கோதுமை நூடுல்ஸ். மீனுக்கு 'யூ'. 'கை' என்றால் கோழி. 'ஹா' இறால். 'ஜூ' பன்றி. மாட்டுக்கு 'ஙவ்'. நம் அரிச்சுவடியில் இருந்தும் சொல்லின் தொடக்கத்தில் அபூர்வமாகவே வரும் 'ங', இங்கே தினமும் பத்து முறை வாயில் வரும். இளைய தலைமுறையில் பலர் அந்த ங-வை விழுங்கி 'அவ்' என்றே சொல்கிறார்கள், இரண்டும் ஒன்றுதான்.

ஆக, வன்தன் நூடுல்ஸ் 'வன்தன் மீன்'. பழைய கடைகளில் அளவுக்குத் தனிச் சொல் உண்டு. சிறியது 'ஸை யுங்', பெரியது 'டாய் யுங்'. சிறியதில் வழக்கமாக நான்கு வன்தன் இருக்கும். பசி அதிகம் என்றால் பெரியதைக் கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். நூடுல்ஸ் கூடக்கூட, கடைசி வாய்க்கு வரும்போது அது ஊறிப்போயிருக்கும். சிறியது ஒன்று சாப்பிட்டு, போதவில்லை என்றால் இன்னொன்று வாங்குங்கள். இல்லையென்றால் சிறியதோடு ஒரு தட்டு கீரை சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க்காரர்கள் பலருக்கு இந்தக் கிண்ணம் முழுச் சாப்பாடே அல்ல, இரண்டு வேளைக்கு நடுவில் வரும் டிபன் மாதிரி.

நூடுல்ஸ் வேண்டாம், வன்தன் மட்டும் சூப்பில் போதும் என்றால் 'ஜிங் வன்தன்'. வன்தனுக்குப் பதில் 'சுய் காவ்' கேட்கலாம். அது கொஞ்சம் பெரிய கொழுக்கட்டை. இறால், பன்றிக் கறியோடு மூங்கில் குருத்து, மரக்காளான் எல்லாம் பொடியாக நறுக்கிப் போட்டிருப்பதால் மொறுமொறுவென்று கடிபடும். பூண்டுத்தாள், வெங்காயத்தாள் வேண்டாம் என்றால் 'ஜவ் செங்', அதாவது பச்சை வேண்டாம். 'ஜவ்' என்றால் 'இல்லாமல்'. எந்தப் பொருளுக்கு முன்னாலும் சேர்த்துச் சொல்லலாம். நூடுல்ஸ் கூடுதலாக வேண்டும் என்றால் 'கா டை', அதற்குத் தனிக் காசு.

நூடுல்ஸ் வகையையும் சொல்லலாம். அரிசி மாவில் செய்த பட்டையான வெள்ளை நூடுல்ஸ் 'ஹோ ஃபன்'. நம் சேமியா போன்ற அரிசி நூடுல்ஸ் 'மை ஃபன்'. பட்டையான முட்டை நூடுல்ஸ் 'ச்சோ மீன்'. ஒன்றும் சொல்லாமல் விட்டால் வன்தனுக்கு மெல்லிய முட்டை நூடுல்ஸ்தான் வரும், அதுவே சரி. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. மெல்லிய நூடுல்ஸுக்கும் 'யவ் மீன்', பருமனான வழவழ எண்ணெய் நூடுல்ஸுக்கும் 'யவ் மீன்'. குரலின் ஏற்ற இறக்கம் மட்டும்தான் வேறு. தேநீரும் ஃபோர்க்கும் இப்படித்தான், இரண்டும் 'ச்சா'. சாப்ஸ்டிக் பிடிக்க வராமல் ஃபோர்க் கேட்டவருக்கு இன்னொரு டம்ளர் தேநீர் வந்து நிற்கும். இப்படிப்பட்ட இடங்களில் வாயை நம்பாமல் மெனுவில் விரலை வைத்துக் காட்டுங்கள், கையால் சைகை செய்யுங்கள்.

ஆளைக் கூப்பிட, நன்றி சொல்ல, வழி விடச் சொல்ல எல்லாவற்றுக்கும் ஒரே சொல் 'ம்கோய்'. இது ஒன்றை மட்டுமாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

சமையல்காரர் என்ன செய்கிறார்

பல கடைகளில் நூடுல்ஸ் வேகவைக்கும் இடம் தெருவைப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னாலேயே இருக்கும். வரிசையில் நிற்கும்போது அதைக் கவனியுங்கள், நல்ல கடையா என்று அங்கேயே பாதி தெரிந்துவிடும்.

இந்த நூடுல்ஸ் கோதுமை மாவு, முட்டை, கொஞ்சம் 'கான் சொய்' சேர்த்துப் பிசைவது. பழைய முறையில் வாத்து முட்டைதான் போடுவார்கள், தண்ணீர் சேர்ப்பதில்லை. கான் சொய் என்பது காரநீர். நாம் அப்பளத்துக்குப் போடும் அப்பளக்காரத்தின் இனம். மாவு மஞ்சளாவதும், இழை ரப்பர் மாதிரி விறைத்து நிற்பதும் அதனால்தான். மாவை அழுத்துவதற்கு 'ஜுக் சிங்' என்று ஒரு முறை உண்டு. பெரிய மூங்கில் கழியின் ஒரு முனையை மேடையோடு பொருத்தி, மறு முனையில் ஆள் உட்கார்ந்து எம்பி எம்பி மாவை மிதிப்பது போல் அழுத்துவார். இப்போதும் அப்படிச் செய்கிற கடைகள் ஹாங்காங்கில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருக்கின்றன. ஷாம் ஷுய் போ பகுதியின் லாவ் சம் கீ அவற்றில் பேர்போனது.

வேகும் நேரம் வெறும் சில விநாடிகள். கொதிக்கும் தண்ணீரில் போட்டு, நீண்ட சாப்ஸ்டிக்கால் உதறி, உடனே வாரி எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் அலசுவார்கள். இதற்கு 'குவோ லாங் ஹோ' என்று பெயர், குளிர்ந்த ஆற்றைக் கடப்பது என்று பொருள். அந்த அலசலில் இரண்டு வேலை நடக்கிறது. மேலே ஒட்டிய மாவும் காரநீரின் நெடியும் போகும். வேகுவது அங்கேயே நின்று இழை இறுகும். பிறகு ஒரு நொடி மறுபடி வெந்நீரில் முக்கி, தண்ணீரை ஓங்கி உதறிக் கிண்ணத்தில் வைப்பார்கள். உதறும் வேகத்தைப் பாருங்கள். சோம்பலாக வடிகட்டினால் அந்தத் தண்ணீர் சூப்பில் கலந்து சுவை நீர்த்துவிடும்.

சூப்பின் உயிர் 'டாய் டேய் யூ' என்கிற தட்டை மீன் கருவாடு. அதை வாசம் வரும்வரை வாட்டி, பன்றி எலும்பு, காய்ந்த இறால் அல்லது இறால் முட்டையோடு கொதிக்கவிடுவார்கள். கருவாடு என்றதும் நம் கருவாட்டுக் குழம்பின் வீச்சத்தை எதிர்பார்க்க வேண்டாம். வாட்டிய கருவாட்டின் மணம் கொட்டை வறுத்தது போல இருக்கும், நிறம் தெளிந்த தேன்நிறம்.

கிண்ணம் வந்ததும்

போட்டோ எடுக்க வேண்டும் என்றால் ஒன்று எடுத்துக்கொண்டு போனைக் கீழே வையுங்கள். மொத்தக் கிண்ணமும் எட்டுப் பத்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும்.

முதலில் கிண்ணத்தை அடியோடு கிளறாதீர்கள். அநேகமாக எல்லாரும் செய்கிற பிழை இது. பிரியாணியைக் கிளறுவது போலக் கிளறினால் மேலே நிற்கும் நூடுல்ஸ் முழுக்கச் சூப்பில் மூழ்கும், கீழே இருக்கும் வன்தனின் மெல்லிய தோல் கிழியும். இரண்டும் ஒரே வீச்சில் கெடும்.

கரண்டியின் காம்பு ஓரமாக நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பக்கவாட்டில் மெதுவாக உருவி எடுங்கள். (எல்லாக் கடையிலும் கரண்டியை அடியில் வைப்பதில்லை, தனியாகத் தந்தாலும் சரிதான்.) எதுவும் சேர்க்காமல் வெறும் சூப்பை இரண்டு கரண்டி குடியுங்கள். உப்புத் தூக்கலாக இருக்கும், அது இயல்பு. கடைசிவரை குடிப்பதற்காக அல்ல, நூடுல்ஸுக்குச் சுவை ஏற்றத்தான் அந்த உப்பு.

உடனே நூடுல்ஸ். வன்தனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அது சூப்பில் கிடந்தாலும் பொறுக்கும், நூடுல்ஸ் பொறுக்காது. சாப்ஸ்டிக்கால் எட்டுப் பத்து இழை மட்டும் எடுங்கள். கொத்தாக அள்ளினால் வாய்க்குள் போகாது, பாதியில் கடித்தால் மீதி சூப்பில் விழுந்து தெறிக்கும். கரண்டியை இடக்கையில் கிண்ணத்துக்குமேல் பிடித்து, அதில் இழைகளைச் சுருட்டி வைத்து, கொஞ்சம் சூப் மொண்டு, அப்படியே வாயில் போடுவது பழகாதவர்களுக்கு எளிது. உறிஞ்சும் சத்தம் வந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பல்லில் படும்போது இழை லேசாக எதிர்த்து நின்று பிறகு நறுக்கென்று அறுபட வேண்டும். அரைவேக்காடோ என்று முதலில் தோன்றும். இல்லை, அந்த விறைப்புக்காகத்தான் மூங்கிலில் உட்கார்ந்து எம்புகிறார்கள்.

நான்கைந்து வாய் நூடுல்ஸுக்குப் பிறகு முதல் வன்தன். கரண்டியால் அடியிலிருந்து ஏந்தி எடுங்கள். சாப்ஸ்டிக்கால் இடுக்கினால் வழுக்கும், அழுத்தினால் தோல் பிய்யும். நல்ல வன்தன் தங்கமீனின் வால் போலப் பின்னால் மெல்லிய தோல் விரிந்து மிதக்கும். பழைய முறை வன்தன் ஒரே வாய் அளவுதான். உள்ளே இறால், கொஞ்சம் பன்றிக் கறி, கருவாட்டுப் பொடி. இறால் பிஞ்சு வெள்ளரியைக் கடிப்பது போல நொறுங்க வேண்டும். உள்ளே சூப்பைவிடச் சூடாக இருக்கும், முதல் வன்தனை மட்டும் பாதி கடித்து ஆவியை விடுங்கள்.

இப்போது வினிகர். மேசையில் சிவப்பு நிறத்தில் நீர்போல இருக்கும் பாட்டில் அதுதான். காரநீர் சேர்த்த நூடுல்ஸ் என்பதால், எவ்வளவு நன்றாக அலசியிருந்தாலும் பாதிக் கிண்ணம் தாண்டும்போது நாக்கில் ஒரு வழவழப்பும் லேசான சோப்பு நெடியும் தட்டலாம். புளிப்பு அந்தக் காரத்தன்மையை முறிக்கும். அதற்காகத்தான் வினிகர் வைத்திருக்கிறார்கள். எடுத்த எடுப்பில் கிண்ணத்தில் ஊற்றினால் கருவாட்டு மணம் அமுங்கிப்போகும். பாதி நூடுல்ஸ் முடிந்தபின், கரண்டியில் இருக்கும் வாய்க்கு மட்டும் இரண்டு மூன்று சொட்டு விட்டுப் பாருங்கள். பிடித்திருந்தால் கடைசிக் கால் பாகத்துக்குக் கிண்ணத்திலேயே அரைக் கரண்டி விடலாம்.

மிளகாய் எண்ணெயும் அதே மாதிரி. நமக்குக் கை தானாக அங்கேதான் போகும். சூப்பில் விட்டால் மேலே சிவப்புப் படலமாக நின்று எல்லா மணத்தையும் மூடிவிடும், எடுக்கவும் முடியாது. சிறு தட்டில் ஊற்றிக்கொண்டு வன்தனைத் தொட்டுச் சாப்பிடுங்கள். வெள்ளை மிளகுத்தூள் தாராளமாகப் போடலாம், அது இந்தச் சூப்போடு ஒத்துப்போகும்.

மேலே தூவிய மஞ்சள் தாள் 'கவ் வோங்'. வெயில் படாமல் மூடி வளர்ப்பதால் பச்சை ஏறாத பூண்டுத்தாள். ஒதுக்கி வைக்காமல் நூடுல்ஸோடு சேர்த்து எடுங்கள். நடுவில் சாப்ஸ்டிக்கை வைக்க நேர்ந்தால் கிண்ணத்தின் விளிம்பில் படுக்க வையுங்கள். நூடுல்ஸில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தக் கூடாது, இறந்தவர்களுக்கு ஊதுபத்தி ஏற்றி வைப்பது போல இருக்கும் என்பதால் பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள்.

சரியில்லை என்றால் ஏன்

நூடுல்ஸ் முதல் வாயிலேயே சோப்பு நெடி அடித்தால் குளிர்நீரில் சரியாக அலசவில்லை. இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக வந்தால், வேகவைக்கும் தண்ணீரை மாற்றாமல் மாவுக்கஞ்சி ஆக்கிவிட்டார்கள். கூட்டம் மொய்க்கும் நேரத்தின் கடைசியில் இது அதிகம் நடக்கும், 2.30க்குப் போகச் சொன்னதில் இந்த ஒரு ஆபத்து உண்டு. தொட்டியில் தண்ணீர் வெளுத்துக் கலங்கியிருந்தால் கண்ணாடி வழியாகவே தெரியும். சூப் சப்பென்று இருந்தால் உதறல் போதவில்லை. வன்தன் தோல் தடித்து மாவு மாவாக இருந்தால் அது முன்கூட்டியே வேகவைத்துக் கிடந்தது. கிண்ணம் வந்து ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்த பிறகு கொழகொழத்தால் கடையைக் குறை சொல்லிப் பயனில்லை.

பார்சல் கேட்டால் நூடுல்ஸையும் சூப்பையும் தனித்தனி டப்பாவில் தருவார்கள். அப்படித் தந்தாலும் வீட்டுக்குப் போவதற்குள் நூடுல்ஸ் கட்டியாகிவிடும். பார்சலுக்கு ஜிங் வன்தன் பரவாயில்லை. அல்லது ஹோ ஃபன் வாங்குங்கள், அரிசி நூடுல்ஸ் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

லோ மீன்: ஊறும் கவலை வேண்டாம் என்பவருக்கு

நிதானமாகச் சாப்பிட விரும்புகிறவர்கள் 'லோ மீன்' கேளுங்கள். நூடுல்ஸ் தட்டில் தனியாக வரும், சூப் சிறு கிண்ணத்தில் பக்கத்தில் வரும். விலை கொஞ்சம் கூடுதல், நூடுல்ஸும் கூடுதல். 'ஹா ஜி லோ மீன்' என்றால் காய்ந்த இறால் முட்டையைச் செம்பழுப்புத் தூளாக மேலே தூவியிருப்பார்கள். பார்க்க மிளகாய்த்தூள் போலவே இருக்கும், நாக்கில் கடலின் உப்பும் ஆழ்ந்த இறால் மணமும்.

இங்கே விதி நேர் எதிர். வந்த உடனே அடியிலிருந்து நன்றாகக் கிளற வேண்டும். அடியில்தான் எண்ணெயும் சாஸும் இருக்கும். ஆறவிட்டால் இழைகள் பிடித்துக்கொண்டு சாஸ் ஏறாது. நடுவில் வறண்டுபோனால் பக்கத்துச் சூப்பில் ஒரு கரண்டி எடுத்து ஊற்றிக் கிளறுங்கள், மறுபடி இளகிவிடும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வளர்ந்தவர்களுக்கு வன்தன் மீ என்றால் கறுப்பு சோயா சாஸில் பிரட்டிய உலர்ந்த நூடுல்ஸும் ஊறப்போட்ட பச்சை மிளகாயும்தான் நினைவுக்கு வரும். அந்த நினைப்போடு ஹாங்காங்கில் வெறுமனே வன்தன் மீன் என்று கேட்டால் சூப்தான் வரும். அவர்கள் தேடுவதற்குக் கிட்டத்தில் இருப்பது இந்த லோ மீன்.

மற்ற நூடுல்ஸ் கடைகள்

மீன் உருண்டைக் கடை வேறு கணக்கு. அது தென்சீனாவின் தியோச்சுவ் மக்களின் வழி வந்தது. 'யூ டான்' என்பது மீன் உருண்டை, அதோடு ஹோ ஃபன் சேர்த்தால் சுருக்கமாக 'யூ டான் ஹோ'. மாவு குறைவாகவும் மீன் அதிகமாகவும் இருக்கும் உருண்டை பல்லில் துள்ளும். பொரித்த மீன் கேக் துண்டும் உண்டு. இங்கே அரிசி நூடுல்ஸே பொருத்தம், ஊறினாலும் கெடாது என்பதால் அவசரமும் இல்லை.

'ச்சே ஜை மீன்' என்பது வண்டி நூடுல்ஸ். 1950களில் மரவண்டியில் தகரத் தடுப்புகள் வைத்துச் சூப், நூடுல்ஸ், மேலே போடும் பண்டங்கள் எல்லாம் தள்ளிக்கொண்டு போய் விற்றது, பிறகு கடைக்குள் வந்துவிட்டது. சீட்டில் நூடுல்ஸ் ஒன்று, பண்டங்கள் சில என்று டிக் செய்து கொடுக்க வேண்டும். பண்டத்துக்கு இவ்வளவு என்று விலை. மூன்றுக்குமேல் போகாதீர்கள், சூப் குழம்பிப்போகும். முள்ளங்கி மாதிரிச் சாறு ஊறியது ஒன்று, மீன் உருண்டை மாதிரித் துள்ளுவது ஒன்று, கீரை ஒன்று என்று எடுத்தால் சரியாக இருக்கும். கிண்ணம் பெரிது, சூப் அதிகம், அதனால் மெல்லிய முட்டை நூடுல்ஸ் இங்கே வேண்டாம். பருமனானதைக் கேளுங்கள்.

மாட்டு நெஞ்சுக்கறி நூடுல்ஸ் 'ஙவ் நாம்'. தெளிந்த சூப்பில் வருவது ஒன்று, கெட்டியான சாஸில் வேகவைத்தது இன்னொன்று. முதல் தடவை தெளிந்த சூப்பில் கேளுங்கள், கறியின் தரம் அதில் மறையாது. நல்ல பாகங்கள் சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும். சென்ட்ரல் பகுதி காஃப் தெருவில் இருக்கும் கவ் கீ இதற்குப் பேர்போன கடை.

வன்தனுக்கு அதே சென்ட்ரலில் வெலிங்டன் தெருவுக்குப் போனால் இரண்டு பாணியையும் அடுத்தடுத்துப் பார்த்துவிடலாம். மாக்ஸ் நூடுல்ஸில் சிறிய கிண்ணம், ஒரு வாய் வன்தன், பழைய முறை. ஏறக்குறைய எதிரிலேயே இருக்கும் ஜிம் ஜை கீயில் வன்தன் பெரிது, முழு இறால், கிண்ணமும் பெரிது. ஸை யுங் ஒன்று மாக்ஸில் சாப்பிட்டுவிட்டுத் தெருவைக் கடந்தால் வித்தியாசம் நாக்கிலேயே தெரியும்.

சைவம், பன்றி, மாடு

இதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கடைகளில் ஏறக்குறைய ஒன்றுமே கிடையாது. வன்தனை எடுத்துவிட்டு வெறும் நூடுல்ஸ் கேட்டாலும் சூப்பில் எலும்பும் கருவாடும் இருக்கின்றன. வேகவைத்த கீரைத் தட்டின்மேல் ஊற்றும் கறுப்புச் சாஸ் சிப்பியில் செய்தது. 'ஜவ் ஹோ யவ்' என்று சொன்னால் அதைத் தவிர்ப்பார்கள், ஆனால் கீரை வெந்த தண்ணீரும் மேலே விடும் எண்ணெயும் என்னவென்று உறுதி இல்லை, பன்றிக் கொழுப்பு சேர்ப்பதும் உண்டு. சைவர்கள் 'ஜாய்' என்று சொல்லப்படும் பௌத்த சைவக் கடைகளைத் தேடிப் போவதே நல்லது.

பன்றி சாப்பிடாதவர்களும் இதே கவனத்தோடு இருக்க வேண்டும். இறால் வன்தன் என்று எழுதியிருந்தாலும் உள்ளே பன்றிக் கறியோ கொழுப்போ கலந்திருக்கும். மெனுவில் 'ஜூ' வந்தால் பன்றி என்று தெரியும், ஆனால் 'யுக்', அதாவது வெறும் 'கறி' என்றாலும் இங்கே பன்றிதான். 'ச்சா சியூ' என்பதும் பன்றிதான். ஹலால் வேண்டும் என்பவர்கள் வான் சாயில் ஓய் குவான் சாலையில் இருக்கும் இஸ்லாமிய மையத்தின் உணவகத்துக்குப் போகலாம், டிம் சம் என்கிற கண்டோனீஸ் சிறு பலகாரங்கள் அங்கே ஹலாலாகக் கிடைக்கும்.

மாடு சாப்பிடாதவர்கள் லோ மீன் கேட்கும்போது 'ஙவ்' இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சில கடைகளில் நெஞ்சுக்கறி வேகவைத்த சாறையே மேலே ஊற்றித் தருவார்கள். இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் வன்தன் கடைக்குள் போகாமலிருப்பதே பத்திரம். சூப்பிலேயே இறால் இருக்கிறது, பாத்திரமும் தண்ணீரும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

காசு

பில் துண்டு பெரும்பாலும் கிண்ணத்தோடே வந்து டம்ளருக்குக் கீழே செருகப்பட்டிருக்கும். அதை எடுத்துக்கொண்டு வாசலருகே கல்லாவில் கொடுங்கள். துண்டு இல்லை என்றால் 'ம்கோய், மாய் டான்' என்று கேளுங்கள். ஒரு கிண்ணம் ஏறக்குறைய 40 முதல் 60 ஹாங்காங் டாலர் ஆகும், கடைக்குக் கடை மாறும். இந்த மாதிரிக் கடைகளில் சேவைக் கட்டணம் போடுவதில்லை, டிப்ஸும் வைக்க வேண்டாம். ரயிலுக்கு வாங்கும் ஆக்டோபஸ் அட்டையைப் பல கடைகள் எடுத்துக்கொள்கின்றன, பழைய கடைகள் சில ரொக்கம் மட்டும். 20, 50, 100 டாலர் நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். 1000 டாலர் நோட்டைக் கள்ள நோட்டுப் பயத்தில் வாங்க மறுக்கும் கடைகள் உண்டு.

சாப்பிட்டு முடித்ததும் எழுந்துவிடுங்கள். கிண்ணத்தை எடுக்க வந்த ஆள் மேசையைத் துடைக்கத் தொடங்கினால் அது உங்களை விரட்டுவதாக நினைத்து வருந்த வேண்டாம். அடுத்த ஆளுக்கான நூடுல்ஸ் அதற்குள் வெந்நீரில் விழுந்திருக்கும்.